அக்கா துடைத்த வால்வுகள்

மாமாவின் கிட்டார் ஊமையானது ஒரு காலை வேளையில். நான் ஆபீசுக்குப் புறப்பட்டு, சைக்கிள் டயரை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மாமா ஒரு வால்ட்ஸ் நடன மெட்டின் நடுவில் இருந்தார். திடீரென்று ஒலிபெருக்கிப் பெட்டியின் குரல் போய்விட்டது. அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. தந்தி மட்டும் தகரத்தில் கூழாங்கல் விழுகிற மாதிரி டிங் டிங் என்று கேட்டது.

"மச்சான், கரண்டு போச்சா பாரு."

விளக்கு எரிந்தது. கரண்டு இருந்தது.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. தண்டுப் பக்கத்து, அதாவது பட்டாளக் குடியிருப்புப் பக்கத்து, ஹோட்டல் ஒன்றில், வெள்ளைக்காரர்கள் நடனமாடும் கூடத்தில், ஹவாய் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். அது மடியில் படுக்க வைத்து, தந்திமேல் ஒரு இரும்புக் கட்டையை வழுக்கி வாசிக்கிற வாத்தியம். அவருடையது கரண்டில் ஓடுவது. பார்த்தால் ஒரு கனத்த பலகை, அதில் ஆறு தந்தி, அவ்வளவுதான். தனியாக மீட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக்கூடக் கேட்காது. ஒரு ஒயர் வழியாகப் போய், டிரங்குப் பெட்டி மாதிரி இருக்கும் ஆம்ப்ளிஃபையரில் புகுந்து வெளியே வந்தால்தான் அது சங்கீதம். அப்படி வரும்போது அழுதுகொண்டே சிரிக்கிற மாதிரி இருக்கும். எங்கள் அல்சூர் சந்தில் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கப் பட்டாளத்துக்காரனிடமிருந்து அதை வாங்கினார். எங்கள் ஊர் கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு கனத்த டப்பாவும் கூடவே வந்தது. புத்தகம் எதுவும் வரவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. ஆர்மோனியத்துக்குப் புத்தகம் உண்டா என்ன?

பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே கண்ணாடிக் குப்பிகள் மாதிரி வால்வுகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் சின்னச் செந்நெருப்பு தெரிந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மட்டும் தொட்டால் சில்லென்று இருந்தது.

"செத்துப் போச்சி," என்றார் மாமா.

"ஒரு வால்வுதானே, வாங்கிப் போட்டா ஆச்சு," என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான் ஒருவன். அப்பா பட்டாளத்து லாயத்தில் குதிரை தேய்த்தே காலத்தைக் கழித்தவர். அக்கா எழுத்துக் கூட்டிப் பாட்டுப் புத்தகம் படிப்பாள். மாமா ஒரு தடவை காதால் கேட்டதை விரலால் திருப்பிச் சொல்லிவிடுவார், படிப்பு வேண்டியிருக்கவில்லை. அதனால் வீட்டில் இங்கிலீஷ் எழுதிய சாமான் எது பழுதானாலும் அது என் பொறுப்பு. மருந்து சீசாவானாலும் சரி, வாத்தியமானாலும் சரி.

அன்று மாலை மாமா ஹோட்டலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். பாண்டு மாஸ்டரும் தமிழர்தான், எங்கள் சபைக்காரர்தான். ஆனால் கோட்டு மாட்டிக்கொண்டால் இரக்கத்தையும் ஆணியில் மாட்டிவிட்டு வருகிறவர்.

"கிறிஸ்துமஸ் வாரம் பூரா டான்ஸ் இருக்குது. உன் பெட்டி பேசுனா நீ வா. பேசலன்னா மெட்ராஸ்ல ஒரு பையன் கீறான், தந்தி அடிச்சி வரவழைச்சிடுவேன். அப்புறம் என்ன குத்தம் சொல்லாதே."

ஹோட்டலில் ஒரு நாற்காலி போனால் திரும்பக் கிடைக்காது. பட்டாளம் காலியாகிக்கொண்டிருந்தது, கூடங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு அந்த நாற்காலி ஒன்றுதான் மிச்சம். அதை அக்கா என்னிடம் ஒரு வரியில் சொன்னாள்: "எப்படியாச்சும் பேச வெச்சிடுடா."

நான் சவுத் பரேடுக்குப் போனேன். அங்கே பியானோக்களையும் வயலின்களையும் கண்ணாடிக்குள் வைத்து விற்கும் பெரிய கடை ஒன்று இருந்தது. மாமாவின் பெட்டியில் ஒட்டியிருந்த அதே கம்பெனிச் சின்னம் அவர்கள் வாசலிலும் தொங்கியது. அவர்கள்தான் இந்தப் பக்கத்துக்கெல்லாம் ஏஜெண்டு. உள்ளே கவுண்டரில் கழுத்துப் பட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவர். நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு அவர் தமிழுக்கு வந்துவிட்டார்.

"வால்வு மட்டும் தனியா தர்றதில்ல தம்பி. கிட்டாரையும் பெட்டியையும் கொண்டாந்து குடுங்க. பம்பாய்க்கு அனுப்புவோம். எங்க ஆளு பாத்து, போட்டு, சீல் வெச்சி அனுப்புவான்."

"எப்ப வரும்?"

"ஈஸ்டருக்குள்ள வந்துடும்."

"கிறிஸ்துமஸுக்கு வேணுங்க."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "நம்ம கடையில வாங்கினதா?"

"இல்லீங்க. ஒரு சோல்ஜர்கிட்ட வாங்கினது."

"அப்ப பம்பாய்க்கும் அனுப்ப முடியாதே. நாங்க வித்த சாமானுக்குத்தான் சர்வீஸ்."

"சரிங்க. இந்தப் பெட்டிக்கு ஒரு புத்தகம் இருக்குமில்லே, எந்த எடத்துல எந்த வால்வுன்னு படம் போட்டு? அதை ஒரு தடவை பாத்துக்கட்டுமா? இங்கேயே நின்னு பாத்துட்டுக் குடுத்துடறேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரியைக் காட்டினார். பச்சை அட்டை போட்ட புத்தகங்கள் அடுக்கியிருந்தன. "அதெல்லாம் டீலருக்கு. ஓனருக்குக் கிடையாது. கம்பெனி ரூல்."

"ஓனர்கிட்டதானே பெட்டி இருக்குது?"

"பெட்டி ஓனர்கிட்ட, புஸ்தகம் எங்ககிட்ட. அதுதான் தம்பி ஏற்பாடு."

வெளியே வந்து சைக்கிளை எடுத்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் மரியாதையாகப் பேசியதால் கோபப்படவும் வழியில்லை. திரும்பும் வழியெல்லாம் பெடல் கனத்தது.

சனிக்கிழமை மதியம் மாமாவும் நானும் பிளாக்பள்ளியில் ஒரு ரேடியோக் கடைக்குப் போனோம். மாமா செத்த வால்வைக் கைக்குட்டையில் சுற்றி, குருவிக் குஞ்சைப் பிடித்த மாதிரி கொண்டு வந்தார். கடைக்காரர் முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே கேட்டார்: "லைசென்ஸ் எங்கே?"

"எதுக்கு?"

"ரேடியோ லைசென்ஸ். அது காட்டாம வால்வு விக்கக் கூடாது. சர்க்கார் சட்டம். எவன் எந்த மூலையில ஒயர்லெஸ் வெச்சிக்கினு பேசுறான்னு யாருக்குத் தெரியும்?"

"எங்ககிட்ட ரேடியோ இல்லீங்க. கிட்டாருக்கு."

"கிட்டாருக்கு வால்வா? ஏம்ப்பா, பட்டப்பகல்லேயே கள்ளுக் கடைக்குப் போய்ட்டு வர்றீங்களா?"

மாமா விளக்க ஆரம்பித்தார். கடையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். முடிவில் கடைக்காரர் சொன்னது, கிட்டாரோ கீரை வடையோ, லைசென்ஸ் இருந்தால் தருகிறேன்.

லைசென்ஸ் தபாலாபீசில் கொடுப்பார்கள். அடுத்த வாரம் ஒரு நாள் ஆபீசில் பாதி நேர லீவு கேட்டு, தலைமை குமாஸ்தாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, மாமாவோடு வரிசையில் போய் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "ரேடியோ இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயேன் மச்சான்," என்று மாமா காதைக் கடித்தார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"ஏன்ரீ இது? கிட்டார்ல எந்த ஸ்டேஷன் பிடிக்கும்?"

"எந்த ஸ்டேஷனும் பிடிக்காதுங்க."

"அப்போ லைசென்ஸ் பேடா, வேண்டாம். போங்க, சந்தோஷமா வாசிங்க."

"லைசென்ஸ் இல்லாம வால்வு தரமாட்டேங்கிறாங்க."

"வால்வு எதுக்கு?"

"கிட்டாருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், "சுவாமி, அந்தப் பையனுக்கு எதையாவது கொடுத்து அனுப்புங்க, நான் மணியார்டர் கட்டணும்," என்றார். குமாஸ்தா என்னை மறுபடியும் பார்த்தார். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "வால்வு இருக்குது, கரண்டு இருக்குது, சத்தம் வருது. எனக்கு அது ரேடியோதான்," என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

வெற்றியோடு ரேடியோக் கடைக்குப் போனோம். கடைக்காரர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது கைக்குட்டையை அவிழ்த்து, வால்வை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நம்பர் எங்கே?"

"எந்த நம்பர்?"

"வால்வு மேலே நம்பர் அச்சடிச்சிருக்கும். அதைச் சொன்னாத்தானே எடுத்துக் குடுக்க முடியும்? நூறு தினுசு இருக்குது. இதுல ஒண்ணுமே இல்லியே, வழவழன்னு இருக்குது. பொறக்கும்போதே இப்படியா?"

நாங்கள் வீட்டுக்கு வந்து மற்ற வால்வுகளையும் கழற்றிப் பார்த்தோம். எல்லாம் வழவழவென்று பளிங்கு மாதிரி இருந்தன. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தேடறீங்க?"

"நம்பர். இதுமேல நம்பர் இருக்கணுமாம்."

"வெள்ளையா பொடி எழுத்துல ஏதோ இருந்துச்சி. அதுவா?"

மாமா மெதுவாகத் திரும்பினார். "இருந்துச்சா? இப்ப எங்க?"

"சனிக்கிழமை சனிக்கிழமை சிம்னி தொடைக்கிறேன் இல்ல? பொட்டிப் பலகை தொறந்து கெடந்துச்சா, இதையும் சேர்த்துத்தான் தொடைச்சேன். உள்ள மேலாக்க கரி புடிச்சிருந்துச்சி. எவ்ளோ சாம்பல் போட்டுத் தேச்சும் அந்தக் கரி போவல. எழுத்துதான் போச்சி."

வால்வின் தலைப்பக்கம் உள்ளே கறுப்பும் வெள்ளியுமாக ஒரு பூச்சு இருக்கும். அது தயாரிக்கும்போதே வருவது, கரி இல்லை. எனக்கே அது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் கரண்டு வந்தும் அடுப்படியில் சிம்னி விளக்குதான். கண்ணாடிக்குள் நெருப்பு எரிந்தால் கரி பிடிக்கும், கரி பிடித்தால் சனிக்கிழமை துடைக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அவள் கைக்குத் தெரிந்த நியாயம் அது. சந்திலேயே எங்கள் வீட்டு விளக்குத்தான் பளிச்சென்று இருக்கும் என்று அவளுக்கு ஒரு பேர் வேறு.

மாமா கையிலிருந்த வால்வைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா, "நான் இன்னா பண்ணிட்டேன் இப்ப?" என்று என்னைத்தான் கேட்டாள்.

ஆக, தேவையாக இருந்தது ஒரு நம்பர். அது பச்சை அட்டைப் புத்தகத்தில் இருந்தது. புத்தகம் அலமாரியில் இருந்தது. நான் மறுபடியும் சவுத் பரேடுக்குப் போனேன்.

"படம் வேண்டாங்க. புத்தகமும் வேண்டாம். இடது ஓரத்துலேர்ந்து ரெண்டாவது வால்வு என்ன நம்பர், அதை மட்டும் சொன்னா போதும்."

கவுண்டர்க்காரர் பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு நம்பர் சொல்லுவேன். நாளைக்கு நீயே பெட்டியைப் பிரிப்பே. ஏதாவது கருகிப் போகும். அப்புறம் அந்தக் கம்பெனி சாமான் மோசம்னு ஊர் பூரா சொல்லுவே. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"ஏற்கெனவே பிரிச்சாச்சுங்க."

"அதை எங்கிட்ட சொல்லாதே."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு அன்று மனம் வரவில்லை. கம்பெனிக்கே நேராக எழுதலாமா என்று யோசித்தேன். கப்பல் தபால் போய்த் திரும்புவதற்குள் கிறிஸ்துமஸ் போய், அடுத்த மழைக்காலமே வந்துவிடும். இங்கே வாங்கினவன் ஒருத்தன், அங்கே செய்தவன் ஒருத்தன். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு இந்தப் பக்கம் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம்.

மாமாதான் குஜரிக்குப் போகலாம் என்றார். பிளாக்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாமான் விற்கிற குஜரி இருக்கிறது. பட்டாளத்தார் கழித்துக் கட்டிய சாமான்கள் அந்த நாட்களில் வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கின. பூட்ஸ், தண்ணீர்க் குடுவை, கிழிந்த கூடாரம். ஒரு பாய் கோணிமேல் வால்வுகளைக் கத்தரிக்காய் மாதிரி குவித்து வைத்திருந்தார். லைசென்ஸை நீட்டினேன். "இதை வெச்சு நான் இன்னா, பீடி சுத்தட்டுமா?" என்றார்.

எங்கள் செத்த வால்வின் அடியில் எட்டுக் கால். குவியலிலும் எட்டுக் கால் வால்வுகள் நிறைய. "சப் ஏக் ஹீ ஹை பாய், எல்லாம் ஒண்ணுதான். கால் பொருந்துனா கல்யாணம்தான்," என்றார் பாய். உயரமும் பருமனும் பார்த்து, எங்களுடையதைப் போலவே இருந்ததாக நாலைந்து பொறுக்கிக்கொண்டோம்.

வீட்டில் மாமா ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒன்றில் தேனீக்கூடு மாதிரி ரீங்காரம். ஒன்றில் ஒன்றுமே இல்லை. மூன்றாவதைச் செருகிக் கொஞ்சம் காத்திருந்து தந்தியைத் தொட்டார். பெட்டியிலிருந்து குரல் வந்தது. மெலிசாக, தூரத்தில், காய்ச்சலில் கிடக்கிறவர் கூப்பிடுகிற மாதிரி. ஆனால் வந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வார ஒத்திகைக்குப் பெட்டியை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனோம். நானும் கூடப் போனேன், பெட்டி தூக்க. மாமா தன் முறை வந்ததும் வாசித்தார். பாண்டு மாஸ்டர் கையைக் காதில் குவித்துக்கொண்டு கிட்டே வந்தார். இன்னும் கிட்டே வந்தார். கடைசியில் பெட்டிமேலேயே காதை வைத்தார்.

"இது வாசிக்குதா, ஜெபம் பண்ணுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், சிரிக்காமல் எப்படி. பாண்டு மாஸ்டர் அவர் தோளில் தட்டி, "நான் மெட்ராஸுக்குத் தந்தி குடுத்துட்டேம்பா. சனிக்கிழமை அவன் வர்றான். அதுக்குள்ள சரி பண்ணினா பாக்கலாம்," என்றார்.

டிரம் வாசிக்கிறவர் பகலில் லாரி ஓட்டுகிறவர். சும்மா பொழுதுபோக்காக, பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"இந்த ஒண்ணு மட்டும் மங்கலா எரியுதே. லாரி பல்பை எடுத்துச் சின்னக் கார்ல மாட்டினா இப்படித்தான் தூங்கி வழியும்."

அவர் அதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மாமாவும் நானும் அந்த வால்வை எடுத்துப் பார்த்தோம். அக்கா கை படாததால் அதன்மேல் நம்பர் இருந்தது. பன்னிரண்டு என்று தொடங்கி, பின்னால் எழுத்தும் எண்ணும். என் ஆபீஸ் இருந்த தொழிற்சாலையில் லாரி பாட்டரி பன்னிரண்டு வோல்ட், பழைய கார்களுக்கு ஆறு. அந்தப் பன்னிரண்டு இந்தப் பன்னிரண்டுதானா? அப்படியானால் இதே நம்பர் ஆறில் தொடங்கினால் எங்களுடையதா?

மறுபடியும் குஜரி. குவியலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கண்ணருகே பிடித்துப் படித்தேன். படித்தவன் என்று என்னை வைத்திருந்ததற்கு அன்றைக்குத்தான் பிரயோஜனம். வெயில் சாய்கிற நேரத்தில் கிடைத்தது: முன்னால் ஆறு, பின்னால் அதே எழுத்து, அதே எண்.

அதைச் செருக மாமாவுக்குப் பயம். எனக்கும்தான். தப்பாக இருந்தால் மங்கலாக எரிவதோடு நிற்காது. உள்ளே வேறெதுவோ கருகினால் மொத்தப் பெட்டியும் போகும். மறுநாள் மூன்றாம் தடவையாகச் சவுத் பரேடுக்குப் போனேன். கவுண்டர்க்காரர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஒரு பியானோவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் எதுவும் கேக்க வரலீங்க. நானே ஒரு நம்பர் சொல்றேன். சரின்னா தலையை ஆட்டுங்க. தப்புன்னா சும்மா இருங்க. நீங்க சொன்னதா ஆகாது."

சொன்னேன். அவர் பியானோவையே துடைத்துக்கொண்டிருந்தார். தலை ஆடவில்லை. நான் தப்பு என்று எடுத்துக்கொண்டு திரும்பினேன். என் பின்னாலேயே வாசல்வரை வந்தவர், மாடிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"தம்பி, எனக்கே தெரியாது. அந்த அலமாரிச் சாவி மேலே தொரைகிட்ட இருக்குது. இத்தனை வருசத்துல நான் அந்தப் புஸ்தகத்தைத் தொறந்து பாத்ததில்ல."

"சரிங்க, வர்றேன்," என்றேன். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. என்னைப் பார்க்கவும் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை மாமா, "ஆண்டவர் விட்ட வழி," என்று வால்வைச் செருகினார். அக்கா சந்துக்குப் போய் நின்றுகொண்டாள், வெடித்தால் பார்க்க வேண்டாம் என்று. செந்நெருப்பு மெல்ல எழுந்து, மற்ற வால்வுகளின் அளவுக்கு வந்து நின்றது. மாமா கட்டையைத் தந்திமேல் வைத்து வழுக்கினார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. அடுத்த வீட்டுக்காரர் "வந்துட்டானய்யா!" என்று கத்தினார். அக்கா ஓடி வந்து மாமாவை ஒன்றும் சொல்லாமல், "பாத்தியா, எங்க தம்பி படிச்சவன்," என்று அடுத்த வீட்டுப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஹோட்டலின் பின்வாசலில் ஜட்காவிலிருந்து பெட்டியை இறக்கினோம். அங்கே படிக்கட்டில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். மாமாவினுடையதைப் போலவே ஒரு பெட்டியின் பின்பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளை உள்ளங்கையில் பொறுக்கிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் ரயில் கரி.

பாண்டு மாஸ்டர் மாமாவைத் தனியாக இழுத்தார். "நல்ல வேளை வந்தே. ரயில்ல எவனோ அவன் பெட்டிமேல டிரங்கை எறக்கிட்டான். வால்வு ஒடைஞ்சி போச்சி. உன்னுது பேசுதா? அப்ப நீயே உக்காரு. வாரம் பூரா உன்னுதுதான்."

மாமாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்தச் சில வாரங்களின் அலைச்சலெல்லாம் ஒரு நொடியில் என் தோளிலிருந்து இறங்கியது. அப்போது அந்தப் பையன் எழுந்து வந்தான்.

"அண்ணே, இந்த ஊர்ல வால்வு எங்க கெடைக்கும்ணே? நம்பர் தெரியும். சவுத் பரேடுல கேட்டேன், பம்பாய்க்கு அனுப்பணும்னாங்க. இன்னொரு கடையில லைசென்ஸ் கேக்கிறான். எனக்கு இங்க யாரையும் தெரியாது."

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சொல்லாதீங்க மாமா என்றுதான் எனக்குள் ஓடியது. ஒன்றும் பொய் சொல்ல வேண்டியதில்லை, தெரியாது என்ற மாதிரி தலையைச் சொறிந்தால் போதும். சாயங்காலம்வரை அவன் தானாகத் தேடியிருந்தாலும் குஜரி அவன் கண்ணில் பட்டிருக்காது.

"ஜட்கா இன்னும் போவல பாரு," என்றார் மாமா. "ஏறு. காட்டறேன்."

அவர்கள் திரும்பி வரும்போது ஹோட்டலில் விளக்குப் போட்டுவிட்டார்கள். பையனின் பெட்டி பேசியது. அவன் வாசித்தபோது கூடத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட அடுக்குவதை நிறுத்தினார்கள். மாமாவைவிட அவன் நன்றாக வாசித்தான். அதை மறைத்து எழுதினால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை. பாண்டு மாஸ்டர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவிடம், "புதன்கிழமை மத்தியானம் டீ பார்ட்டிக்கு நீ வா," என்றார். வாரம் பூராவும் என்று அவர் சொன்னது மத்தியானத்துப் பேச்சு. அதை மாமாவும் நினைவுபடுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை," என்றாள்.

"கையில ஒடைஞ்ச கண்ணாடியை வெச்சிக்கினு நிக்கறான். எங்க கெடைக்கும்னு கேக்கறான். தெரிஞ்சிக்கினே தெரியாதுன்னு எப்படிம்மா சொல்றது?"

"கடைக்காரன் சொன்னானே! கோட்டுப் போட்டுக்கினு, கண்ணாடி மாட்டிக்கினு, மூணு தடவை சொன்னானே!"

"அதான்," என்றார் மாமா. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லக் கூடாதா? படிச்சவன்தானே நீ?"

நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. மாமா செய்தது சரி என்று தோன்றியது. புதன்கிழமை மத்தியானம் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வீடு எப்படி ஓடும் என்றும் தோன்றியது. "பசிக்குதுக்கா," என்றேன்.

அவள் சோறு போட்டாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன. நாங்கள் பாதி சாப்பிட்ட பிறகு, கோபம் தணியாத அதே குரலில் கேட்டாள்:

"அந்தப் பையன் பண்டிகைக்கு எங்க சாப்பிடுவான்? ஊர்ல யாரையும் தெரியாதுன்னானே."

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இங்கதான். வரச் சொல்லிட்டேன்."

"அதையும் செஞ்சிட்டு வந்தாச்சா!" என்று அக்கா கரண்டியைச் சட்டியில் போட்டாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பது கேட்டது. நான் கை கழுவி வந்து, பாய் விரிக்க இடமில்லாமல் நடுவில் கிடந்த ஆம்ப்ளிஃபையரைச் சுவரோரம் தள்ளினேன். அது கனமாக இருந்தது.